ஆற்றைப் பற்றித்தான் எழுதினேன்

செப்டம்பர் 2, திங்கள்

சிலிண்டர் இன்றும் வரவில்லை. ஏதோ நான்தான் அதைத் தோளில் தூக்கிவர மறந்துவிட்டேன் என்பதுபோல் சொர்ணம் விடிந்ததிலிருந்து திட்டித் தீர்த்தாள். சர்க்கரை மாத்திரை நாளையோடு சரி.

அச்சகத்தில் கூட்டம் தாங்கவில்லை. முதலாளி சிக்கந்தருக்கு நாலு கை இருந்தாலும் போதாது. நான் அங்கே பிழை திருத்துகிறவன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளுக்குப் பாட்டு எழுதுகிறவனும் நான்தான். சிம்மக்கல்லைச் சுற்றி எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் "மலைச்சாமி அண்ணன் எழுதுனாத்தான் போஸ்டர் பேசும்" என்று வந்து நிற்பார்கள். என் பெயரை அதில் போடுவதில்லை. போடாமலே ஊருக்குத் தெரியும். மற்ற அச்சகங்களில் எழுதுவதெல்லாம் 'மண்ணுலகை விட்டு விண்ணுலகு ஏகினாய்' ரகம். மதுரை பேசுகிற மாதிரி எழுதுகிறவன் மதுரையில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். தற்பெருமை இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

மதியம் வாழை இலை மண்டி நல்லமணி வந்தான். அவன் அண்ணன் சௌந்தரபாண்டியைச் சந்தையில் இடத்தகராறில் வெட்டிப்போட்டு வருகிற பதினைந்தோடு மூன்று வருடம். வெட்டிய ராசாங்கம் ஜாமீனில் வந்து, இரண்டு தெரு தள்ளி வேட்டியை மடித்துக்கட்டி நடமாடிக்கொண்டிருக்கிறான். வருடா வருடம் நினைவஞ்சலிக்கு நான்தான் எழுதுகிறேன். போன வருடம் எழுதியதில் காரம் பத்தவில்லை என்று நல்லமணியின் மச்சான் மாயழகு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நல்லமணி ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணே, இந்த வருசம் பாட்டு வேணாம்ணே. மலர்வு, உதிர்வு, போட்டோ. அம்புட்டுத்தான்."

"ஏப்பா, நல்லாயில்லையா நான் எழுதுறது?"

"அய்ய, அதில்லண்ணே. முந்தாநாத்து ராசாங்கம் மண்டிப் பக்கம் வந்தான். அவன் என்னப் பாத்தான், நான் அவனப் பாத்தேன். நான் பாட்டுக்கு இலையக் கட்டிக்கிட்டே இருந்துட்டேன். ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்குண்ணே. கோர்ட்டுல என்ன வருதோ வரட்டும். மாயழகுட்ட இதச் சொல்ல முடியாது. பொட்டப் பயம்பான்."

பாட்டே இல்லாமல் வெறும் போட்டோ போட்டால் ஊர் உன்னை என்ன நினைக்கும் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். சாந்தமாக இரண்டு வரி எழுதித் தருகிறேன், கவலைப்படாதே என்று அனுப்பிவைத்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மாத்திரை வாங்கிவிட்டேன். சிலிண்டர் வந்துவிட்டது.

யானைக்கல் தரைப்பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது அந்த வரி வந்தது. ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. நடுவாற்றில் ஒருவன் கட்டிலைப் போட்டுப் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருக்கிறான். என்ன தைரியம் இவனுக்கு என்று நினைத்தேன். அவ்வளவுதான், கிடுகிடுவென்று மூன்று வரியும் வந்து நின்றன. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்து, "யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தியதுகூடக் காதில் இனித்தது.

*வத்திப் போச்சுன்னு வைகைக்குள்ள வீடு கட்டாத.*
*தண்ணி வரும்ப்பே.*
*சொல்லிட்டா வரும்?*

முப்பது வருடமாக எழுதுகிறேன். இரண்டு புத்தகம் போட்டேன். முந்நூறு பிரதி பரணில் கிடக்கிறது. அந்த முந்நூறையும் தராசின் ஒரு தட்டில் வைத்து இந்த மூன்று வரியை மறு தட்டில் வைத்தால், இந்தத் தட்டுத்தான் தாழும்.

சொர்ணத்திடம் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அணையத் தொறந்தா தண்டோராப் போட்டுச் சொல்லத்தான செய்றாக?" என்றாள்.

"உனக்கு எகத்தாளம். கவிதை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. யாருக்கு?"

சொன்னேன். கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பையன் பாட்டு வேணாம்னுல்ல சொன்னான்" என்றாள். இது ஆற்றைப் பற்றியது என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

அச்சுக்குப் போகுமுன் பார்க்க நல்லமணி வந்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் அவன். விரலை வைத்து மூன்று வரியையும் மெதுவாகப் படித்தான்.

"இது யாரச் சொல்றதுண்ணே?"

"ஆத்தச் சொல்றதுப்பா."

"ராசாங்கத்தச் சொல்ற மாதிரி இருக்காதுல்ல?"

"அவன் பேரு எங்கயாவது இருக்கா? ஊர்ல ஆறு ஓடுது, ஆத்தப் பத்தி எழுதியிருக்கேன். உங்கண்ணன் ஆத்துல குளிச்சு வளந்தவன்தான?"

"நீங்க சொன்னாச் சரிண்ணே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

நல்லமணி போன பிறகு சிக்கந்தர், "அண்ணே, அந்த மூணு வரிய எடுத்துட்டு ஒரு மல்லிகைப்பூப் படம் போட்டுருவோமா?" என்று கேட்டான். உனக்கு மிஷின்தான் தெரியும், கவிதை தெரியாது என்று வைதுவிட்டேன். பாவம், வயதில் சின்னவன், கோபித்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 14, சனி

நானூறு சுவரொட்டி. சிம்மக்கல்லில் தொடங்கி கீழவாசல் வரைக்கும் ஒட்டியாகிவிட்டது. கொட்டை எழுத்தில் சௌந்தரபாண்டி, மீசை, சிரிப்பு, கீழே என் வரிகள். யாரும் பார்க்காத மாதிரி எதிரே நின்று பார்த்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

எழுதவே கை பரபரக்கிறது.

காலையில் டீக்கடையில் ஒருவன் கடன் கேட்டவனிடம், "குடுத்துருவேம்ப்பே, சொல்லிட்டா வரும்?" என்கிறான். ஷேர் ஆட்டோ ஒன்றின் முதுகில் அதற்குள் ஸ்டிக்கர். தெற்குவாசலில் பூ கட்டுகிற பெண் இன்னொருத்தியிடம், "வத்திப் போச்சுன்னு வீடு கட்டாதடி" என்று சொல்லிச் சிரிக்கிறாள். சொர்ணத்தின் தம்பி பேரன் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறானாம். கல்லூரி வாத்தியார் ஒருவர் அச்சகத்துக்கே போன் போட்டு, மேடையில் பேச வரமுடியுமா என்று கேட்டார்.

இந்த ஊர் வாயிலிருந்து எடுத்து எழுதுகிறேன் என்றுதான் முப்பது வருடமாகச் சொல்லிவந்தேன். இன்றைக்குத்தான் ஊர் என் வாயிலிருந்து எடுத்துப் பேசுகிறது. மாசி வீதியில் நடக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

டீக்கடையில் இன்னொரு பேச்சும் அடிபட்டது. "தண்ணி எப்ப வரும்னு ராசாங்கம் கேட்டு விட்டிருக்கானாம்." கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். லந்துக்குச் சொல்லியிருப்பார்கள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மாயழகு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இதுதாண்ணே எழுத்து! இனிமே மாமா சும்மா இருக்க முடியாதுண்ணே" என்றான். ஒரு கிலோ அல்வா கொடுத்தான். எனக்குச் சர்க்கரை என்று தெரியாதவன்.

செப்டம்பர் 18, புதன்

நல்லமணி வந்தான். இந்தத் தடவை ஸ்டூலில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் எழவே இல்லை.

"மண்டியில நிக்க முடியலண்ணே. இலை வாங்க வர்றவனெல்லாம் 'எப்பப்பே தண்ணி?'ங்கறான். சுமை தூக்குறவன் கேக்குறான். டீ குடுக்குற பொம்பள கேக்குது. நேத்து என் சின்னமகள பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காக, உங்கப்பா எப்ப வெட்டுவாருன்னு."

நான் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் தள்ளினேன்.

"அங்குட்டு ராசாங்கம் ராத்திரி வீட்ல படுக்குறதில்லையாம். ஆள் சேத்துக்கிட்டு இருக்கானாம். பயந்துட்டான்ணே அவன். பயந்தவன் சும்மா இருப்பானா? நான் ஒண்ணு செய்யணும், இல்ல அவன் ஒண்ணு செய்யணும். ரெண்டுல ஒண்ணு ஆகாம இந்த ஊரு விடாதுபோல."

"நாலு நாள்ல மறந்துருவாங்கப்பா."

"போஸ்டரு சுவத்துல இருக்கற வரைக்கும் எப்படிண்ணே மறக்கும்? எச்சியத் துப்பிட்டுப் போனாலும் ஞாபகம் வரும்."

அவன் என்னைக் கோபித்திருந்தால் தேவலை. கோபிக்கவில்லை. "ஏதாச்சும் பண்ணுங்கண்ணே, உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த இலை வெட்டும் கத்தியைச் சரிசெய்துகொண்டு போனான். அந்தக் கத்தி எப்போதும் அவன் இடுப்பில் இருக்கும். மண்டி ஆட்கள் எல்லாருக்கும் இருக்கும்.

சிக்கந்தர் என்னைப் பார்த்தான். நான் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் 'சுபயோக சுபதினத்தில்' என்பதை நாலு தடவை திருத்தினேன். அதில் பிழையே இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

விடியற்காலையில் நடக்கப் போனேன். சர்க்கரைக்கு நல்லது.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்று இரண்டாவது தடவை நோட்டைத் திறக்க முடியவில்லை. இன்று எழுதியாக வேண்டும்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கே ஊர் எழுந்து நின்றுவிட்டது. சிம்மக்கல் முக்கிலும் அதை ஒட்டிய இரண்டு சந்திலும் சௌந்தரபாண்டி போஸ்டரை எவனோ கிழித்துவிட்டான் என்று சத்தம். செத்தவன் போஸ்டரைக் கிழிப்பது எப்படிப்பட்டது என்று இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் ஊறி உரிந்தால் உண்டு, மாடு தின்றால் உண்டு. மனிதன் கை வைக்கமாட்டான். மேலே புதுப்பட போஸ்டர் ஒட்டுகிறவன்கூட நினைவஞ்சலிக்கு ஒரு வாரம் இடம் விட்டுத்தான் ஒட்டுவான். கிழித்தது மட்டுமில்லை, முகத்தில் பாதி போயிருந்தது. ஒரு கண்ணும் பாதி மீசையும் மட்டும் சுவரில் இருந்ததாம்.

ராசாங்கம் ஆட்கள்தான் என்று எட்டு மணிக்குள் முடிவாகிவிட்டது. வேறு யார் கிழிப்பார்கள்?

நல்லமணி பத்து மணிக்கு அவர்கள் தெருவுக்குப் போனான். யாரையும் கூட்டிப் போகவில்லை. மாயழகுக்குக்கூடச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் சொன்னது: "என்னய என்ன வேணா பண்ணுங்கப்பா, செத்தவன் மூஞ்சில எதுக்குக் கை வச்சீக?" என்றுதான் கேட்டானாம். கத்தவில்லையாம். அவர்கள் இடுப்புக் கத்தியைத்தான் பார்த்தார்கள். நாலு நாளாக எதிர்பார்த்திருந்தது வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நல்லமணி உயிர் போய்விட்டது. முப்பத்தாறு வயது.

செப்டம்பர் 21, சனி

எடுக்கிற வரைக்கும் இருந்தேன். நல்லமணி பெண்டாட்டி பஞ்சவர்ணம் அழவில்லை. சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே கேட்டது.

"யாரு கிழிச்சாங்கன்னு தெரிஞ்சுச்சா?"

என்னிடமும் கேட்டது. தெரியவில்லையம்மா என்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

மாயழகு அச்சகத்துக்கு வந்தான். மொட்டை அடித்திருந்தான். நல்லமணி போட்டோவை மேசையில் வைத்தான். ஏதோ கல்யாணத்தில் எடுத்தது, பக்கத்தில் நின்ற யாரையோ வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"ஆயிரம் அடிக்கணும்ணே. இந்தத் தடவ வைகையெல்லாம் வேணாம். அந்தக் கையப் பத்தி எழுதுங்க. போஸ்டரக் கிழிச்ச கை. 'எங்க ஒளிஞ்சாலும் அந்தக் கை எங்களுக்கு வேணும்'னு வரணும். உங்க பாணியில. படிச்சதும் ஊரே பேசணும்."

"யாரு கைன்னு தெரியாம எப்படிப்பா..."

"தெரியும்ணே. ராசாங்கம் தம்பி காசிமாயன். அன்னைக்கு விடியக்கால அவன் சிம்மக்கல் பக்கம் சைக்கிள்ல போனத ரெண்டு பேரு பாத்திருக்காக. ராசாங்கத்த போலீசு உள்ள வச்சிருச்சு, அவனத் தொட முடியாது. இவன் வெளிய இருக்கான்."

காசிமாயனை எனக்குத் தெரியும். விடியற்காலை சைக்கிளில் பால் பாக்கெட் போடுகிறவன். அண்ணனோடு பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் வீட்டுக்கும் அரை லிட்டர் அவன்தான் போடுகிறான். அன்றைக்கு வழியில் என்னைப் பார்த்து, "என்ன பெரியப்பா, இம்புட்டு சீக்கிரம்?" என்று கேட்டான். நடக்கப் போகிறேன் என்றேன்.

புதன்கிழமைக்குள் வேண்டும் என்று மாயழகு சொல்லிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பால் வரவில்லை. காசிமாயன் தலைமறைவாகிவிட்டான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒளிகிறான் என்றால் குற்றவாளிதானே என்றும் சொன்னார்கள்.

ஒரு வரிகூட எழுதவில்லை. சொர்ணம் பால் இல்லாத காபியை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்குப் போட்டிருந்த சட்டைய நாந்தான தொவச்சேன். முழங்கை வரைக்கும் மைதாப் பசை. நகத்துக்குள்ள பசை. நீங்க வாயத் தொறப்பீகன்னு அஞ்சு நாளாப் பாக்குறேன்."

நான் காபியைக் குடித்தேன்.

"அந்தப் பால்காரப் பையனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இந்த வீட்ல நான் ஒங்களுக்குச் சோறு போட மாட்டேன். நெசமாச் சொல்றேன்."

சரி, எழுதிவிடுகிறேன். கிழித்தது நான்தான். என் மூன்று வரியை மட்டும் உரித்து எடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். நல்லமணி கேட்டானே, போஸ்டர் இருக்கிற வரைக்கும் எப்படி மறக்கும் என்று. கீழ் ஓரத்தில் தண்ணீர் தடவி ஊறவைத்து, நகத்தைக் கொடுத்து இழுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. குறுக்காகக் கிழிந்து மேலே ஏறி முகத்தையும் கொண்டுவந்துவிட்டது. பயந்து நிறுத்தியிருக்கலாம். அடுத்ததாவது சரியாக வரும் என்று அடுத்த சுவருக்குப் போனேன். பிறகு அதற்கடுத்த சுவர். பதினோரு சுவர்.

செப்டம்பர் 25, புதன்

காலையில் சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனேன். மாயழகும் அவனோடு நாலைந்து பேரும் வாசலில் இருந்தார்கள். பாட்டு ரெடியா என்று கேட்டான். ரெடி இல்லை, கிழித்தது நான் என்றேன்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மாயழகு என் தோளில் கை போட்டான்.

"அண்ணே, உங்க மனசு யாருக்கு வரும்? அந்தப் பால்காரப் பயலுக்காகப் பழிய நீங்க தூக்கிக்கிறீக. பெரிய மனசுதான். ஆனா சொன்னா நம்புற மாதிரியாச்சும் சொல்லுங்க. தான் எழுதுனதத் தானே கிழிக்கிறவன் எவன் இருக்கான்?"

சத்தியம் செய்தேன். மீனாட்சி மேல் செய்தேன். "சரிண்ணே, சரிண்ணே" என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். ஒருத்தன் சோடா வாங்க ஓடினான். அப்போது மாயழகின் போன் அடித்தது. எடுத்து, "எங்க? மேலூர்லயா? பைய இருங்க, நான் சொல்றேன்" என்றான். காசிமாயனைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கையிலிருந்த மஞ்சள் பையை அவிழ்த்துத் தரையில் கொட்டினேன். கிழித்த துண்டுகள் அத்தனையும் அதில் இருந்தன. அன்றைக்கே வைகையில் போட்டிருக்கலாம். போட மனம் வரவில்லை. என் வரி. சுருட்டிப் பத்திரமாகப் பரணில் என் புத்தகக் கட்டுக்குள் வைத்திருந்தேன். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. கிழித்ததைச் சொன்னபோதுகூட இவ்வளவு இல்லை.

பஞ்சவர்ணம் வெளியே வந்தது. கீழே உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. புருசனுக்கு மூத்தவன் முகம் எல்லாத் துண்டிலும் பாதி பாதியாக இருந்தது. முகம் இருக்கிற பக்கத்தை மட்டும் தனியாகக் கிழித்து முந்தானையில் எடுத்துக்கொண்டது. எழுத்து இருக்கிற பக்கத்தை என் காலடியில் தள்ளியது.

"அவரு பாட்டு வேணாம்னுதான் ஒங்ககிட்ட சொல்லிட்டு வந்தாரு. எங்கிட்டச் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனாரு."

"அந்தப் பையன விடச் சொல்லு" என்று தம்பி மாயழகிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

மாயழகு அந்த நம்பருக்குத் திரும்பப் போன் போட்டான். பிறகு காதில் வைத்து, "விட்டுட்டு வாங்கடா" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. சொர்ணத்திடம்தான் சொன்னான்.

"மதினி, இவரக் கூட்டிட்டு ஊர விட்டுப் போயிருங்க. இன்னைக்கே. எங்க அக்கா சொன்னதுக்காக இன்னைக்கு ஒருநாள் விடுறேன். நாளைக்கு இந்த ஊர்ல இவரு பேச்சு கேட்டுச்சுன்னா நான் பொறுப்பில்ல."

அக்டோபர் 6, ஞாயிறு

ஓசூர். மகள் வீடு. குளிர் தாங்கவில்லை. சொர்ணத்துக்கு முட்டுவலி.

வேலை ஒன்றும் இல்லாததால் காலையில் முக்குக்கடைக்கு டீ குடிக்கப் போனேன். சர்க்கரை கம்மியாப் போடுங்கப்பே என்று ஏதோ ஞாபகத்தில் சொல்லிவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் பேப்பரைத் தாழ்த்தினார். லாரி ஓட்டுகிறவர் போலிருந்தது.

"பேச்சுலயே தெரியுதே! நம்ம ஊர்க்காரவுகளா? மதுரையில எங்குட்டு?"

சந்தோஷத்தில் அவர் முகமெல்லாம் பல். பக்கத்தில் எனக்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார்.

"இல்லைங்க, நான் மதுரை இல்லை" என்றேன்.

புத்தகத்தில் இருக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னேன். டீயைக் குடிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.